வலிக்காத காது



இன்றைய பேச்சு காதைப் பற்றியது. அதிலும் சீழ் வடியும் காதைப் பற்றியது.

பாராடாங் தீவில் மழைக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவமழை போனதும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. துணி காயாது. சுவர் ஈரம் போகாது. இப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். அன்று இரவு காது வலி. பிள்ளை விடிய விடிய அழுகிறது. வீட்டில் யாரும் தூங்கவில்லை.

விடிந்ததும் பார்த்தால் தலையணையில் மஞ்சள் கறை. காதிலிருந்து சீழ் வடிந்திருக்கிறது. ஆனால் பிள்ளை அழவில்லை. எழுந்து விளையாடப் போகிறது.

தாய்க்கு நிம்மதி. "வலி போய்விட்டது. கெட்ட நீரும் வெளியே வந்துவிட்டது. இனித் தானாகச் சரியாகும்" என்கிறார் பாட்டி.

பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் சரியாகிறது. சில பிள்ளைகளுக்குச் சரியாவதில்லை. வாரம் ஒன்று போகிறது, மாதம் ஒன்று போகிறது, சீழ் நிற்கவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை.

வலிக்கிற காதை ஊரே கவனிக்கும். வலிக்காமல் வடிகிற காதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கேட்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது இந்த வலிக்காத காதுதான்.

காதுக்குள் ஒரு சிறு அறை

வெளியே தெரிவது காது மடல். அதன் நடுவில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் ஒரு சிறு பாதை போகிறது. பாதையின் முடிவில் மெல்லிய தோல் ஒன்று இழுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது. அதுதான் செவிப்பறை. பெயரே சொல்கிறதே, பறை என்று. ஒலி வந்து மோதினால் பறை அதிரும். இதன் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை இருக்கிறது. இதற்கு நடுக்காது என்று பெயர். அதில் மூன்று எலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. பறையின் அதிர்வை உள்ளே கொண்டுபோவது இவற்றின் வேலை. கடைசி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அரை அரிசி அவ்வளவுதான் இருக்கும். மனித உடம்பில் உள்ள எலும்புகளிலேயே மிகச் சிறியது அதுதான்.

இந்த அறையில் தண்ணீர் இருக்கக் கூடாது. காற்றுதான் இருக்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது? மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு சிறு குழாய் நடுக்காதுக்கு வருகிறது. எச்சில் விழுங்கும்போது காதில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அந்தக் குழாய் திறக்கும் சத்தம்தான் அது.

சளி காதுக்குப் போகும் வழி

மூக்கிலும் தொண்டையிலும் எப்போதும் சில கிருமிகள் குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமிகளைப் பாக்டீரியா என்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்வரை இவை பெரிய தொல்லை தருவதில்லை. சளி பிடித்தால் கதை மாறுகிறது. மூக்குக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. நடுக்காதுக்குள் காற்று போவதில்லை. நீர் கோத்துக்கொள்கிறது. கிருமிகள் அந்த நீரில் பெருகுகின்றன.

இப்படிக் காதுக்கு வரும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். நுரையீரலில் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்குவதும் இதுவே.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்த நோய் ஏன் அதிகம்? குழந்தைகளின் குழாய் குட்டையானது. சரிவு இல்லாமல் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். கிருமி எளிதில் ஏறிவிடும். பிள்ளை வளர வளர குழாயும் நீளும், சாயும்.

நடுக்காதில் சீழ் நிரம்பினால் பறையை அழுத்தும். அதனால்தான் அந்த உயிர்போகும் வலி. அழுத்தம் தாங்காமல் பறையில் ஓட்டை விழுகிறது. சீழ் வெளியே வருகிறது. அழுத்தம் குறைந்ததும் வலியும் குறைகிறது. அன்று காலை பிள்ளை அழாமல் விளையாடப் போனதற்குக் காரணம் இதுதான். நோய் போகவில்லை, கதவு ஒன்று உடைந்திருக்கிறது.

உடைந்த கதவு வழியாக

பெரும்பாலும் இந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் சீழ் தொடர்ந்து வடிந்தால்தான் தொல்லை. சீழ் தொடங்கி 14 நாள் ஆகிவிட்டால் அதை நாள்பட்ட காது நோய் என்று சுகாதாரப் பணியாளர்கள் கணக்கிடுகிறார்கள். இந்த 14 நாள் கணக்கை எல்லாத் தாய்மாரும் நினைவில் வைப்பது நல்லது.

இப்போது வேறு கிருமிகள் வருகின்றன. முன்பு வந்தவை மூக்கு வழியாக உள்ளிருந்து வந்தன. இவை ஓட்டை வழியாக வெளியிலிருந்து வருகின்றன. இவற்றில் ஒன்று சூடோமோனஸ். ஈரம் இருக்கும் இடமெல்லாம் இது வாழும். சீழ் பச்சை கலந்து, நாற்றம் அடித்தால் பலமுறை இதுதான் காரணம். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியும் சேர்ந்துகொள்ளும். குளிக்கும்போதும், ஓடையில் முங்கும்போதும் காதுக்குள் போகும் தண்ணீர் இந்தக் கிருமிகளுக்கு வழி காட்டுகிறது.

தண்ணீர்த் தொட்டியை நாள்கணக்கில் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் அது போகாது. நடுக்காதிலும் கிருமிகள் அப்படி ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. விழுங்கும் மாத்திரை அந்தப் படலத்துக்குள் சரியாக எட்டுவதில்லை. ஆகவேதான் நாள்பட்ட நோய்க்கு முதலில் சீழைத் துடைத்து எடுத்து, பிறகு காதிலேயே சொட்டு மருந்து விடச் சொல்கிறார்கள்.

"சீழை நிறுத்தினால் அது தலைக்கு ஏறிவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இது சரியல்ல. உடம்பில் தேங்கிய கெட்ட நீர் வடிந்து தீர்வதல்ல இது. கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையில் தினமும் புதிதாக உண்டாகும் சீழ். கிருமி இருக்கும்வரை சீழ் தீராது. தலைக்குப் பரவும் ஆபத்து சீழை நிறுத்துவதால் வருவதில்லை. கவனிக்காமல் விடுவதால்தான் வருகிறது.

பாடம் காதில் விழவில்லை

ஓட்டை விழுந்த பறை சரியாக அதிராது. சீழ் பட்ட எலும்புகள் அரித்துப்போகவும் கூடும். பிள்ளைக்கு முழுச் செவிடு வருவதில்லை. உரக்கக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஆகவே வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பள்ளியில்தான் தொல்லை. ஆசிரியை "படம்" என்கிறார். பிள்ளைக்குத் "தடம்" என்று கேட்கிறது. "கல்" என்றாரா, "பல்" என்றாரா என்று தெரிவதில்லை. பாராடாங்கில் இது இன்னும் சிரமம். தமிழரும் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் மலையாளிகளும் கலந்து வாழும் தீவு இது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இந்தி. நன்றாகக் கேட்கும் பிள்ளை இரண்டையும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை இரண்டிலும் பின்தங்குகிறது. "மக்கு", "சொன்ன பேச்சுக் கேட்காதவன்" என்று பெயர் வாங்குகிறது. சொன்ன பேச்சு அதன் காதில் விழவே இல்லை என்பதை யாரும் நினைப்பதில்லை.

1990களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமப் பள்ளிப் பிள்ளைகளின் காதுகளைச் சோதித்தார்கள். நடுக்காது நோயும் கேட்புக் குறையும் அந்தப் பிள்ளைகளிடம் பரவலாக இருப்பதைக் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி பேர்வரை சீழ் வடியும் காதோடு வாழ்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்குக் கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது என்றும் சொன்னது.

படிக்க முடியாமல் பள்ளியை விட்டு நின்றவர்களில் சிலருக்குக் காரணம் காதாகவும் இருந்திருக்கலாம். இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களும் தங்கள் காதைச் சோதித்துக்கொள்ளலாம்.

காது மருத்துவரின் மகன்

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரில் வில்லியம் வைல்டு என்ற மருத்துவர் இருந்தார். காது நோய்க்குப் பேர்போனவர். 1853இல் காது மருத்துவம் பற்றிப் பெரிய நூல் எழுதினார். காதின் பின்புறம் சீழ் கோத்தால் கீறி எடுக்கும் ஒரு முறை இன்றும் அவர் பெயரால் சொல்லப்படுகிறது.

அவருடைய மகன் ஆஸ்கார் வைல்டு, உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். தந்தை 1876இல் இறந்துவிட்டார். மகனுக்குக் காது நோய் வந்தது. 1900ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில் ஓட்டல் அறையிலேயே அவருக்குக் காதில் அறுவை செய்தார்கள். நவம்பர் 30ஆம் நாள் அவர் இறந்தார். வயது 46. காது நோய் மூளையின் உறைவரை பரவியதே சாவுக்குக் காரணம் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அப்போது கிருமியைக் கொல்லும் மருந்துகள் கிடையாது. பெனிசிலின் 1928இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மருந்து இருக்கிறது, அறுவை முறைகள் இருக்கின்றன. ஆனால் நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவே இன்றும் ஒரு மெல்லிய எலும்புதான் இருக்கிறது. அதில் மாற்றம் இல்லை.

சில காதுகளில் தோல் உள்நோக்கி வளர்ந்து, கரையான்போல எலும்பை அரிக்கும். இதில் சீழ் கொஞ்சமாகத்தான் வரும், நாற்றமோ அதிகம். வலி பெரும்பாலும் இருக்காது. இது சொட்டு மருந்தால் தீராது. அறுவைதான் வழி.

தட்டம்மைக்குப் பிறகு

சளி மட்டுமல்ல, தட்டம்மையும் காதைத் தாக்கும். தட்டம்மை வந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குக் காதில் கிருமி தாக்குகிறது.

தட்டம்மை என்ன செய்யும் என்பதை அந்தமான் அறியும். 1877இல் தட்டம்மை பெரிய அந்தமானியர் என்ற பழங்குடி மக்களிடையே பரவியது. அவர்களில் மிகப் பலர் மாண்டார்கள். 1999இல் ஜாரவா மக்களிடையேயும் தட்டம்மை பரவியது. வெளியார் நோய்களை எதிர்க்கும் பழக்கம் அவர்கள் உடம்புக்கு இல்லை. பாராடாங்கிலிருந்து தெற்கே போகும் சாலை அவர்கள் காட்டின் வழியாகத்தான் போகிறது. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, அவர்களை நெருங்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் சும்மா போட்டதல்ல. பயணியின் சாதாரணச் சளி அவர்களுக்குப் பெரிய நோயாகலாம்.

செய்யக் கூடாதவை

காய்ச்சிய எண்ணெய், பூண்டு எண்ணெய், பச்சிலைச் சாறு, தாய்ப்பால் எதையும் சீழ் வடியும் காதில் விடக் கூடாது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் அது கிருமிக்குத் தீனியாகிவிடும்.

தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகு, துடைப்பக் குச்சி எதையும் காதுக்குள் விடக் கூடாது.

கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடக் கூடாது. பறையில் ஓட்டை இருக்கும்போது சில மருந்துகள் உள்காதுக்குப் போய்க் கேட்கும் நரம்பையே கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்து இந்தப் பிள்ளைக்கு ஆகாமல் போகலாம்.

சீழ் வடியும் காதைப் பஞ்சால் நிரந்தரமாக அடைத்தும் வைக்கக் கூடாது. ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, தீவின் அரசு சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது. சீழ் எத்தனை நாளாக வடிகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஏற்பத்தான் மருந்து மாறும்.

இரண்டாவது, காதை உலர்த்துவது. இதை வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய பழைய பருத்தித் துணியைத் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துணியைக் கிழித்து விளக்குத் திரிபோல் திரிக்க வேண்டும். குச்சியில் சுற்றக் கூடாது. திரியை மெதுவாகக் காதுத் துளையில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட வேண்டும். வேறு புதுத் திரி வைக்க வேண்டும். திரி ஈரமில்லாமல் வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

மூன்றாவது, மருந்து. உலர்த்திய பிறகுதான் சொட்டு மருந்து விட வேண்டும். சீழ் நிறைந்த காதில் விட்டால் மருந்து உள்ளே போகாது. மருந்துக் குப்பியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த மருந்து தலைசுற்றல் தரும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்து விட்டு, சில நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். நாள்பட்ட நோய்க்கு இரண்டு வாரம்வரை மருந்து விடச் சொல்வார்கள். நாலு நாளில் சீழ் நின்றாலும் சொன்ன நாள்வரை விட வேண்டும்.

நான்காவது, தண்ணீர் போகாமல் காப்பது. குளிக்கும்போது மட்டும் வாசலைன் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். காது ஆறும்வரை ஓடையிலும் கடலிலும் முங்கக் கூடாது.

சீழ் நின்ற பிறகும் ஒருமுறை காட்ட வேண்டும். பறையின் ஓட்டை மூடியதா, காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மூடாவிட்டால் அறுவை செய்து மூடலாம். காதுக்கு மேலே தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போடுவார்கள். கேட்கும் சக்தி குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி உண்டு.

தாமதிக்கக் கூடாத நேரம்

காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், கடும் தலைவலியோடு வாந்தி, தலைசுற்றல், கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம். சீழ் வடியும் காதோடு இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாராடாங்கில் "உடனே" என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. பெரிய மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது. அந்த நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். படகில் நீரிணையைக் கடந்து, காட்டுச் சாலையில் ஜிர்காடாங் வரை கான்வாயில் போக வேண்டும். கான்வாய் பகலில் மட்டும், குறித்த நேரத்தில் மட்டும்தான். நள்ளிரவில் ஆபத்து முற்றும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்தில் இருப்பவர்களைவிடத் தீவில் இருப்பவர்கள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதபோதே, வலிக்காத காதோடு பகலில் ஒரு நாள் போய்க் காட்டிவருவது எவ்வளவோ மேல்.

வராமல் தடுக்க

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி வளரும். புட்டியில் பால் கொடுக்க நேர்ந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் குழந்தையிடம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், அடுத்தது ஒன்றரை வயதை ஒட்டியும் போடப்படுகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுவதும் வந்தது. ஆறாவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என்று மூன்று தவணை. இலவசம். எல்லாக் காது நோயையும் இது தடுக்காது. அந்த ஒரு கிருமியின் பல வகைகளைத் தடுக்கும்.

காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2006-07இல் தொடங்கியது. 2013 முதல் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பிள்ளைகளைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. அதில் காதும் அடங்கும். சோதனைக் குழு வரும் நாளில் "என் பிள்ளை காதையும் பாருங்கள்" என்று தாய் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பது உரிமை.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையும் உண்டு. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, அதன் ஒரு காதைப் பொத்தச் சொல்லுங்கள். மெல்லிய குரலில் "கல்", "பால்", "படம்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். பிறகு மறு காது. தடுமாறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் தலையணையை ஒருமுறை பாருங்கள். காதை முகர்ந்து பாருங்கள். சீழோ நாற்றமோ இருந்தால் எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே. அந்தத் தாளோடு நாளைக் காலை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.